காதைப் பொத்தும் பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் மட்டக்களப்பே திரண்டு நிற்கும். மேளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்த அந்த இரைச்சலில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று காதைப் பொத்தியபடி மணலில் விழுந்து கதறினால், கண்ணூறு என்பார்கள். தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்பார்கள். அந்தச் சத்தம் அதற்கு உண்மையிலேயே தாங்க முடியாதது என்று சொல்ல ஆள் இருக்காது.

சில பிள்ளைகளின் மூளை சத்தம், தொடுகை, மணம், அசைவு ஆகியவற்றை மற்றவர்களைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்கிறது. சட்டை லேபல் உறுத்தும். பிட்டு நாக்கில் பட்டதும் ஓங்காளிக்கும். வேறொரு பிள்ளை ஓயாமல் சுற்றும், சுவரில் மோதும், முழங்கால் கிழிந்தாலும் அழாது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம். அதற்காக இப்படி இருக்கிற எல்லோருக்கும் ஓட்டிசம் என்று முடிவுகட்டக் கூடாது. கூப்பிட்டும் திரும்பாத பிள்ளைக்குக் காது கேளாமலும் இருக்கலாம். கேட்டல் பரிசோதனையை முதலில் செய்யுங்கள்.

கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் பதிவேட்டில் எந்த வயதில் பிள்ளை என்ன செய்யும் என்று அச்சிட்டிருக்கிறது. பிந்தினால் அதைக் குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள். ‘ஆம்பிளப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்’ என்று காத்திருந்து இழக்கும் வருடங்கள் திரும்பி வராது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகப் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் பெறலாம்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் தாய்க்கு நகரத்துக்கு வந்துபோவது ஒருநாள் கூலியை இழப்பது. அதனால்தான் வீட்டுப் பயிற்சி இங்கே இவ்வளவு முக்கியம். வைத்தியசாலையில் இந்தப் பயிற்சிகளைச் சொல்லித்தரும் தொழில்வழிச் சிகிச்சையாளரைச் சந்திக்கும்போது, “இதை நான் செய்து காட்டுகிறேன், சரியா என்று பாருங்கள்” என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

விலை கூடிய சாமான் எதுவும் வேண்டாம். அரிசி நிறைந்த சுளகில் ஒளித்துவைத்த புளியங்கொட்டையைத் தேடட்டும். ரொட்டி மாவைப் பிசையட்டும். சிறு வாளியில் தண்ணீர் சுமக்கவும் பாயைச் சுருட்டவும் கதிரையைத் தள்ளவும் விடுங்கள். தசைக்கு வேலை கொடுக்கும் இப்படியான செயல்கள் பல பிள்ளைகளை அமைதிப்படுத்தும். ஊஞ்சலை மெதுவாக, ஒரே சீராக ஆட்டுங்கள். பிள்ளை முகம் வெளிறினாலோ ஓங்காளித்தாலோ உடனே நிறுத்துங்கள். தொட மறுக்கும் பொருளுக்குள் கையைப் பிடித்து அமுக்கக் கூடாது. பழக்குகிறோம் என்று செய்யும் அந்தப் பலவந்தம் பயத்தைத்தான் வளர்க்கும். கோயிலுக்குப் போவதென்றால் கூட்டம் சேரும் முன்பே போய் வாருங்கள்.

புலன் உணர்வைச் சீராக்க முயலும் இப்படியான சிகிச்சைக்கான சான்றுகள் இன்னும் மட்டுப்பட்டவை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அக்கடமி 2012இல் சொன்னது. சிகிச்சையைக் கைவிடச் சொல்லவில்லை; இலக்கு வைத்துக் கவனிக்கச் சொன்னது. ‘அழாமல் தலைமுழுக வேண்டும்’ போன்ற ஒரு சிறிய இலக்கை எடுத்து, ஒவ்வொரு நாளும் கொப்பியில் குறியுங்கள். சில கிழமைகளில் மாற்றம் இல்லையென்றால் கொப்பியோடு போய்ச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

என்னை எல்லாவற்றையும்விடக் கவலைப்படுத்துவது தண்ணீர். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் சொல்லாமல் வெளியேறித் தண்ணீரை நோக்கிப் போவது உலகெங்கும் காணப்படுவது. பதினான்கு வயதுக்குட்பட்ட அப்பிள்ளைகள் மூழ்கி இறக்கும் அபாயம் மற்றப் பிள்ளைகளைவிட 160 மடங்கு என்று கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கணித்தார்கள். நமக்கோ ஒருபக்கம் வாவி, மறுபக்கம் கடல், வளவுக்குள் கிணறு. கிணற்றுக்கு மூடி, படலைக்கு எட்டாத உயரத்தில் கொக்கி, அயலவர்களுக்கு முன்கூட்டியே ஒரு சொல் ஆகிய மூன்றையும் பயிற்சி தொடங்கும் முன் செய்துவிடுங்கள். பிள்ளையைக் காணவில்லையென்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள்.

பிள்ளையை அமைதிப்படுத்துவதாகச் சொல்லப்படும் பாரப் போர்வையை நீங்களாக வாங்கிப் போர்த்தாதீர்கள். 2008இல் கனடாவின் கியூபெக்கில் அத்தகைய போர்வை சுற்றப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன் இறந்தான். ஓட்டிசத்தை அடியோடு மாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் குளோரின் டையொக்சைட்டு நீர் உண்மையில் வெளிற்றும் இரசாயனம். ஒரு துளியும் கொடுக்காதீர்கள்.

வீட்டில் எவ்வளவு செய்தாலும் அரசின் கடமை குறையாது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்கலாம். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதிபர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிரதியோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். அங்கும் பலன் இல்லையென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பிள்ளையை யாரேனும் அடித்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. கொடுப்பனவு பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

இடம் கிடைத்த பிறகும் வகுப்பாசிரியரிடம் கேட்க வேண்டியவை உண்டு: மணிக்குத் தள்ளி ஓர் இருக்கை, காலைக் கூட்டத்தில் வரிசையின் ஓரம், இரைச்சல் தாங்காதபோது சற்று நேரம் வெளியே மரநிழலில் நிற்க அனுமதி.