எழுந்து அமர ஏற்ற இருக்கை

முழங்கால் தேய்ந்த முதியோர்க்கு நடப்பதினும் தரையினின்று எழுவதே கடினம். கர்நாடகத்து மாதேஸ்வரன் மலையில் சோலிகர் சிலர், காட்டை மூடிப் படர்ந்துள்ள உண்ணிச்செடியின் தண்டை வேகவைத்துப் பட்டை உரித்து நாற்காலி முடைகின்றனர். இத்தகையோர்க்கு அதுவும் நல்லதொரு துணைக்கருவியே. ஆயின் அளவு பொருந்த வேண்டும். பாதம் தரையிற் படிந்திருக்க, முழங்காலின் பின்மடிப்பு எவ்வளவு உயரத்திலுள்ளதோ அதனினும் இருக்கை சற்றே உயர்ந்திருத்தல் நலம். இருக்கை தாழத் தாழ, எழுகையில் முழங்கால் தாங்கும் பளு மிகும். கைப்பிடிகள் உறுதியாயின் கைகளும் அப்பளுவைப் பகிர்ந்துகொள்ளும். அழகுக்கெனப் பின்சாய்த்து அமைத்த இருக்கை இவர்க்கு ஆகாது.

ஊன்றுகோலை நலமான காலின் பக்கத்துக் கையிலேயே பிடித்தல் வேண்டும். நோயுற்ற பக்கத்திற் பிடிப்பது பரவலான தவறு. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கோலின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருத்தல் வேண்டும். அடி ரப்பர் தேய்ந்தவுடன் மாற்றுக. மலைச்சரிவில் தேய்ந்த கோல் வழுக்கும்.