உதிர்ந்த பேரியும் பிளம்ஸும்: புளிக்க விடுவதா, புளிக்காமல் காப்பதா?

கொடைக்கானல் மலையில் வைகாசி, ஆனி மாதங்களில் பிளம்ஸ் பழுக்கிறது. அது முடியுமுன் பேரி வந்துவிடும். நாயுடுபுரம், வில்பட்டிப் பக்கங்களில் வீட்டுக் கொல்லையில் நாலு மரம், தோட்டத்து ஓரத்தில் பத்து மரம் என்று வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு இந்த மூன்று மாதந்தான் பழத்தில் காசு பார்க்கும் காலம். நல்ல பழம் வியாபாரியின் பெட்டிக்குப் போய்விடுகிறது. தென்மேற்குக் காற்றில் உதிர்ந்ததற்கும், பறிக்கும்போது அடிபட்டதற்கும், உருவம் சிறுத்ததற்கும் விலை கிடையாது. அவை மரத்தடியிலேயே கிடந்து, சில நாட்களில் கள் வாடை அடிக்கத் தொடங்கும்.

அந்த வாடையை வைத்துத்தான் பலருக்கும் ஒரு யோசனை பிறக்கிறது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கென்று ஒரு ஜாடியில் பழத்தையும் சர்க்கரையையும் போட்டு மூடி வைக்கும் வழக்கம் மலைப் பகுதிகளில் பழையது. 'அதையே பத்து ஜாடி போட்டால் வீணாகும் பழத்துக்கு விலை கிடைக்குமே' என்று விவசாயிகள் கேட்பதில் தவறில்லை. இதற்குப் பதில் சொல்லுமுன் ஜாடிக்குள் நடப்பது என்னவென்று பார்ப்போம்.

சாறு மதுவாவது எப்படி?

பழத்தின் தோலில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் இயற்கையாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோல் கிழிந்து சாறு வெளிப்பட்டதும் அது சர்க்கரையைத் தின்று பெருகுகிறது. புளிப்பது உயிருள்ள பொருளின் வேலை என்பதை 1857ஆம் ஆண்டு முதல் செய்த ஆராய்ச்சிகளால் நிலைநாட்டியவர் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர். 100 கிராம் சர்க்கரை முழுவதும் புளித்தால் கணக்குப்படி 51 கிராம் சாராயச் சத்தும் 49 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். நடைமுறையில் சாராயச் சத்து 47 கிராம் அளவில் நின்றுவிடும். மீதியை ஈஸ்ட் தன் உடம்பை வளர்க்கச் செலவிட்டுவிடுகிறது.

ஆப்பிள் சாறு இவ்விதம் புளித்தால் அது சைடர். பேரிச் சாறு புளித்தால் பெர்ரி என்று இங்கிலாந்தில் பெயர். அங்கே குளோஸ்டர்ஷயர், ஹெர்ஃபர்ட்ஷயர் பகுதிகளில் இதற்கென்றே துவர்ப்பு மிகுந்த பேரி இரகங்களை வளர்க்கிறார்கள். பச்சையாகக் கடித்தால் வாயில் வைக்க முடியாத பேரி அது. நம் மலையில் விளைவது தின்பதற்கான பேரி. அதில் துவர்ப்பும் புளிப்பும் குறைவு; புளித்த பின் சப்பென்றுதான் இருக்கும். பேரியில் சார்பிட்டால் என்றொரு இனிப்பும் உண்டு. அதை ஈஸ்ட் தொடுவதில்லை. ஆகையால் எத்தனை நாள் வைத்தாலும் சிறிது இனிப்பு மிஞ்சும். பிளம்ஸில் புளிப்பும் நிறமும் தாராளம். ஒயினுக்கு அதுவே பொருத்தமான பழம். பீர் என்பது முளைகட்டிய பார்லியிலிருந்து வருவது. பழத் தோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜாடி முறையில் ஓர் ஆபத்து இருக்கிறது. நாயுடுபுரத்தின் குளிரில் ஈஸ்ட் மெதுவாகவே வேலை செய்யும். நுரை அடங்கிவிட்டதென்று நினைத்துப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடுகிறார்கள். உள்ளே சர்க்கரை தீர்ந்திருக்காது. ஒரு லிட்டரில் வெறும் 10 கிராம் சர்க்கரை மிஞ்சியிருந்தாலும் அதிலிருந்து ஏறத்தாழ இரண்டரை லிட்டர் வாயு கிளம்பும். சாதாரணப் பாட்டில் அதைத் தாங்காது வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணில் பட்டால் பழம் விற்ற காசு வைத்தியத்துக்குக் காணாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த யோசனைக்குப் பெரிய தடை சட்டம். ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. 1948இல் மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971இல் தளர்த்தப்பட்டது, பிறகு பலமுறை மாற்றங்கள் கண்டது. கடைகள் மூடின, திறந்தன. ஆனால் உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம் என்ற விதி இன்றும் அப்படியே இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் ஒயின், பீர் மட்டுமல்ல, சாராயச் சத்து கலந்த திரவம் எதுவும் மதுவே. 'விற்கவில்லை, வீட்டுக்குத்தான்' என்று சொல்வது தப்ப வழியாகாது. தென்னை, பனை வைத்திருப்போர் ஆண்டுக்கணக்கில் கேட்டும் கள் இறக்கும் அனுமதி கிடைக்காத மாநிலத்தில் பேரிக்கு மட்டும் தனிச் சலுகை இருக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தனர். அதையடுத்துச் சட்டமன்றம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. அங்கே உயிரைப் பறித்தது மெத்தனால் என்னும் தொழிற்சாலை இரசாயனம். பழச்சாறு புளிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் வீட்டில் சோதனைக்கு வரும் அதிகாரிக்கு நுரைக்கும் ஜாடி நுரைக்கும் ஜாடிதான்.

அண்டை மாநிலமான கேரளம், பழங்களிலிருந்து ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு உரிமம் வழங்க 2022இல் விதிகள் வகுத்தது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'நிளா' என்ற பெயரில் பழ ஒயின் தயாரித்திருக்கிறது. அங்கேயும் உரிமம் பெற்ற ஆலைக்குத்தான் இது பொருந்தும். வீட்டு அடுப்படிக்கு அல்ல. இதுபோன்ற ஏற்பாடு இங்கும் வந்தால் மலைத் தோட்ட விவசாயிக்கு நன்மையே. வருகிறவரை ஒயினை மறந்துவிட்டு வேறு வழி பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

காடியாக்கினால்?

புளித்த சாற்றைக் காற்றுப்பட மெல்லிய துணி கட்டி வைத்தால் அசிட்டோபாக்டர் என்னும் மற்றொரு நுண்ணுயிர் சாராயச் சத்தை அசிட்டிக் அமிலமாக்கும். அதுவே காடி, அதாவது வினிகர். சுமார் 10 சதம் சர்க்கரையுள்ள சாற்றிலிருந்து 4 முதல் 5 சதம் அமிலமுள்ள காடி கிடைக்கும். புளிக்கவைத்துத் தயாரித்த காடியில் குறைந்தது 3.75 சதம் அமிலம் இருக்கவேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பழைய காடியில் மிதக்கும் வழவழப்பான 'தாய்க் காடி' ஆடையைச் சேர்த்தால் வேலை சீக்கிரம் பிடிக்கும். இந்த நுண்ணுயிருக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். ஆடி மாதத்து நாயுடுபுரத்தில் பகலிலேயே 20 டிகிரியைத் தொடுவது அரிது. அடுப்பங்கரை ஓரம் வைத்தால்கூட மாதக்கணக்கில் பொறுக்கவேண்டும்.

காடி குடிக்கும் பொருளல்ல; ஆனால் நடுவில் சாறு மதுவாக இருக்கும் நாட்கள் உண்டு. சட்டத்தின் சொற்படி அந்த நாட்களிலும் அது மதுவே. ஆகவே காடி செய்ய விரும்புவோர் முதலில் மாவட்ட மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். வாய்மொழி உறுதி போதாது.

புளிக்காமல் காக்கும் வழி

எந்த அனுமதியும் கேட்காமல் இந்தப் பருவத்திலேயே தொடங்கக்கூடியது ஈஸ்டை வேலை செய்யவிடாமல் தடுப்பதுதான். பழனிப் பஞ்சாமிர்தம் கெடாமல் இருப்பதன் காரணத்தை யோசித்துப் பாருங்கள். மலை வாழைப்பழமும் வெல்லமும் தேனும் சேர்ந்த அந்தக் கலவையில் இனிப்பு மிகுந்து, நுண்ணுயிருக்கு வேண்டிய நீர் கட்டுண்டு போகிறது. ஜாமும் அப்படியே. ஸ்குவாஷில் இனிப்பு அந்த அளவு இல்லை, பாதியளவே. ஆகவே புளிப்பும் காப்புப் பொருளும் துணைக்கு வரவேண்டும்.

பழத்தைப் பொறுக்குவதில் கண்டிப்பு தேவை. அடிபட்ட பழம் ஆகும். கன்றிய இடத்தை வெட்டி எறிந்தால் போதும். பூசணம் பூத்த பழம் ஆகாது. நீலப் பூசணம் பட்டூலின் என்ற நஞ்சை விடுகிறது. அது கொதிக்கவைத்தாலும் போவதில்லை. அணிலோ வௌவாலோ கடித்த பழத்தையும் விலக்கவேண்டும்.

பேரியைக் கழுவி, தோலும் விதைப்பகுதியும் நீக்கி, நறுக்கிய துண்டுகளை உடனே சிறிது உப்போ எலுமிச்சைச் சாறோ கலந்த நீரில் போடவேண்டும். இல்லாவிட்டால் பழுப்பு ஏறும். துருவித் துணியில் பிழிந்தால் கிலோவுக்கு அரை லிட்டர் வரை சாறு கிடைக்கும். சாற்றை 80 முதல் 85 டிகிரி வரை சில நிமிடம் சூடாக்கி ஆறவிடலாம். பிளம்ஸைச் சிறிது தண்ணீர் தெளித்து மெதுவாக வேகவைத்து, சல்லடையில் மசித்துக் கொட்டையை நீக்கவேண்டும். கொட்டையை உடைத்துவிடக்கூடாது, உள்ளிருக்கும் பருப்பு கசப்பும் நஞ்சும் கொண்டது.

ஒரு லிட்டர் சாற்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒன்றே முக்கால் கிலோ சர்க்கரை. பேரிக்குச் சிட்ரிக் அமிலம் 40 கிராம். பிளம்ஸுக்கு 15 முதல் 20 கிராம் போதும். தண்ணீரில் சர்க்கரையையும் அமிலத்தையும் கரைத்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, துணியில் வடிகட்டி, நன்றாக ஆறிய பின் சாற்றைச் சேர்க்கவேண்டும். மொத்தம் மூன்றே முக்கால் கிலோ. 750 மில்லி பாட்டில் நாலு நிரம்பும். விதிப்படி ஸ்குவாஷில் சாறு 25 சதத்துக்குக் குறையக்கூடாது. இந்த அளவில் அது சரியாக இருக்கும். தண்ணீரைக் கூட்டினால் அளவு தப்பிவிடும்.

காப்புப் பொருளில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். பேரிக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் இரண்டேகால் கிராம் வேண்டும். பிளம்ஸுக்கு அதைப் போட்டால் சிவப்பு நிறம் வெளுத்துவிடும். அதற்குச் சோடியம் பென்சோயேட் இரண்டரை கிராம். இவற்றை அடுப்படித் தராசில் நிறுக்க முடியாது. கண்ணளவில் ஒரு சிட்டிகை போடுவது, குறைந்தால் பாட்டில் நுரைப்பதிலும் கூடினால் விதியை மீறுவதிலும் முடியும். சுலபமான வழி ஒன்று உண்டு. கடையில் துல்லியமாக நிறுத்து வாங்கிய 10 கிராமை நீரில் கரைத்து மொத்தம் 100 மில்லியாக்கிக்கொள்ளவேண்டும். இந்தக் கரைசலில் மெட்டாபைசல்பைட் என்றால் 22 மில்லி, பென்சோயேட் என்றால் 25 மில்லி மருந்துக் குவளையில் அளந்து ஊற்றினால் கணக்கு சரியாகிவிடும். கரைசலை அன்றன்றே தயாரிக்கவேண்டும். மெட்டாபைசல்பைட் கரைசல் வைத்திருக்க வைத்திருக்க வீரியம் இழக்கும். உணவுத் தரம் என்று அச்சிட்ட பொட்டலத்தையே வாங்கவேண்டும். மெட்டாபைசல்பைட் சேர்த்த பானம் ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகையால் எதைச் சேர்த்தோம் என்பதை லேபிளில் மறைக்காமல் போடவேண்டும்.

மலைக்கே உரிய ஒரு கவனமும் தேவை. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே 20 நிமிடம் கொதிக்கவைக்கும் பாட்டிலை இங்கே அரைமணி நேரம் கொதிக்கவிடவேண்டும். கழுத்தில் இரண்டு விரற்கடை இடம்விட்டு நிரப்பி, மூடி, மெழுகில் முக்கி எடுத்து இருட்டான இடத்தில் வைக்கலாம்.

ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒரு பாட்டிலைச் சமையலறைச் சூட்டில் 15 நாள் தனியே வைத்துப் பார்க்கவேண்டும். திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வந்தாலோ, கழுத்தில் சிறு குமிழிகள் ஏறினாலோ ஈஸ்ட் சாகவில்லை என்று பொருள். அந்தத் தயாரிப்பில் ஒரு பாட்டிலைக்கூட விற்கக்கூடாது. விற்பனைக்கு இறங்குமுன் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று பெறவேண்டும். செய்முறைப் பயிற்சி விரும்புவோர் கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையோ, வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ பழம் பறிக்கும் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே அணுகிக் கேட்டுக்கொள்ளலாம்.