அரை நிமிஷத்துக்கு 360 படம்! மாங்காட்டில் எதை வரைவது?

கோபுரமா? மாமரமா? எலுமிச்சம்பழமா?

தியேட்டருக்குள் நுழையும்போதே, "எழுத்து போட்டாச்சா?" என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்பது நம் ஊர் வழக்கம். எழுத்து ஓடி முடிந்தால்தான் படம் ஆரம்பம் என்று நினைப்பு!

ஆனால் அனிமேஷன் படிக்கும் மாணவர்களுக்கு, அந்த எழுத்து ஓடும் அரை நிமிஷமே பெரிய பரீட்சை. தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் இதற்குத் தனிப் படிப்பே இருக்கிறது. வரையக் கை இருந்தாலும், எதை வரைவது என்பதுதான் தலைவலி.

மாங்காட்டைப் பற்றி ஒரு மாணவர் அனிமேஷன் ஆவணப்படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து ஓடும்போது திரையில் எதைக் காட்டுவார்?

குப்பைக்கூடை கணக்கு

சினிமாவில் விநாடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை 2 பிரேமுக்கு நிறுத்தினாலும் விநாடிக்கு 12 படம். அரை நிமிஷத்துக்கு 360! கம்ப்யூட்டர் வந்த பிறகும், கையால் வரைகிறவருக்கு இந்தக் கணக்கு மாறவில்லை. விஷயத்தைத் தப்பாகப் பிடித்தால் அத்தனையும் குப்பைக்கூடைக்குத்தான்.

மூழ்கிய கப்பல்

இதற்கு வழி காட்டியவர் அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் வின்சர் மெக்கே. 1915-ல் லூசிடானியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டார்கள். கப்பல் மூழ்கியதைப் படம் பிடிக்க அங்கே கேமரா இல்லை.

மெக்கே அதை வரைந்தே காட்டினார். ஏறத்தாழ 2 வருஷம் உழைத்து 1918-ல் வெளியிட்டார். முதல் அனிமேஷன் ஆவணப்படம் என்று இதைத்தான் பலரும் சொல்கிறார்கள்.

கேமரா எட்டாததை வரை. இதுதான் முதல் பாடம்!

சூப்பர் ஐடியா, ஆனால்...

மாங்காடு என்றதும் மாணவர் கை கோபுரத்தை வரையப் போகும். ஆனால் கோபுரத்தை செல்போனில் ஒரு நொடியில் எடுத்துவிடலாமே! அம்பாள் அக்கினி நடுவே ஒற்றைக் காலில் தவம் செய்த காட்சியோ, காலண்டரில் எல்லோரும் பார்த்தது.

அப்படியானால் மாமரம்? ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. மரம் விழுந்து வீடு எழுவதாகக் காட்டலாம். ஆனால் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் எதற்கும் அதே படத்தை ஒட்டிவிடலாம். மாங்காட்டுக்கே உரியது எது?

ஆறு வார ரகசியம்

காமாட்சி அம்மன் கோவிலில் ஆறு வார வேண்டுதல் பிரசித்தம். எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்து, ஒன்றைத் திரும்ப வாங்கி வீட்டில் பத்திரமாக வைப்பார்கள். அடுத்த வாரம் மறுபடி வருவார்கள்.

பழத்தைக் கேமரா பிடித்துவிடும். அதைக் கையில் வைத்திருக்கும் அம்மா மனசுக்குள் என்ன கேட்கிறாள்? மகளுக்குக் கல்யாணமா, மருமகளுக்குக் குழந்தையா, மகனுக்கு வேலையா? அது எந்தக் கேமராவுக்கும் தெரியாது. பேனாவுக்குத் தெரியும்!

பழம் வாரத்துக்கு வாரம் வாடும், புதுப்பழம் வரும். அதன் மேல் பெயர்கள் ஓடும். ஒரே பொருள், ஊரே அதில் அடங்கிவிடும்.

பெரியவர்கள் செய்ததும் இதுதான். 1955-ல் போதைப் பழக்கத்தைப் பற்றிய ஹாலிவுட் படத்துக்கு, கதாநாயகன் முகத்தை விட்டுவிட்டு, முறுக்கிக்கொண்ட ஒரு கையை மட்டும் காட்டினார் சால் பாஸ். சத்யஜித் ரே 1977-ல் எடுத்த 'சத்ரஞ்ச் கே கிலாடி'யின் கார்ட்டூன் பகுதியில், டல்ஹௌசி பிரபு ராஜ்யங்களைச் செர்ரிப் பழமாக விழுங்குகிறார். அதை உருவாக்கிய ராம் மோகன், சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி!

முகம் வேண்டாம்

ஒன்றை மறக்கக் கூடாது. வேண்டுதல் என்பது அந்தம்மாவின் சொந்த வேதனை. கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகே வரைய வேண்டும். "பேர் வேண்டாம் தம்பி" என்றால் பெயரும் முகமும் போடக் கூடாது.

2021-ல் வந்த 'ஃப்ளீ' என்ற டென்மார்க் படம், ஓர் ஆப்கன் அகதியின் உண்மைக் கதை. அவர் அடையாளம் தெரியாதபடி வரைந்தே சொன்னார்கள். 3 ஆஸ்கார் பிரிவுகளுக்கு அது பரிந்துரையானது.

முகத்தை மறைத்தும் உண்மையைச் சொல்லலாம். மாங்காட்டில் அதற்கு ஓர் எலுமிச்சம்பழம் போதும்!