மாமிக்கு எழுபத்திரண்டு, கிளிக்கு ஒன்பது

மேற்கு டெல்லிப் பக்கங்கள் – 11

போன வாரம் தெருநாய்களோடு வாசலிலேயே நின்றுவிட்டோம். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. பதினொரே நாளில் மூவர் அமர்வு அதைத் திருத்தியது. வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. இடைப்பட்ட நாட்களில் எங்கள் பிளாக்கின் வாட்ஸ்அப் குழு பட்ட பாட்டையும் எழுதியாயிற்று. இந்த வாரம் படியேறி வீட்டுக்குள் போவோம்.

ஜனக்புரி வீடுகளைப் பற்றி இரண்டு வரி. எழுபதுகளில் டெல்லி வளர்ச்சி ஆணையமான டிடிஏ உருவாக்கிய காலனி. கீழ்த்தளத்துக்காரருக்குக் கையகல முற்றம், மேல்தளத்துக்காரருக்கு மொட்டைமாடி, நடுவில் மாட்டியவருக்கு ஒரு பால்கனி. அந்தப் பால்கனிக்கும் இப்போது கம்பி அடித்தாயிற்று. அரசு உத்தியோகத்தில் வந்த தமிழர்கள் இங்கே வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் படிக்கவைத்தார்கள், ஓய்வு பெற்றார்கள். பிள்ளைகள் பெங்களூருக்கும் டல்லாஸுக்கும் போய்விட்டார்கள். இரண்டு படுக்கையறை வீட்டில் இரண்டு பேர், சில வீட்டில் ஒருவர். காலியான அறைக்கு ஒரு உயிர் வந்து சேர்கிறது. பெரும்பாலும் அதை வாங்கிக் கொடுப்பது தொலைவில் இருக்கும் பிள்ளைதான்.

காலையில் பிளாக்கைச் சுற்றி வந்தால் யார் வீட்டில் என்ன என்று தெரிந்துவிடும். லாப்ரடார் வீடு, பக் வீடு, ஜனவரியில் ஸ்வெட்டர் போட்ட நாட்டுநாய் வீடு. பால்கனிக் கூண்டில் கீச்சுக்கீச்சென்று நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் ஆஸ்திரேலிய பட்ஜி. பல் டாக்டர் கிளினிக்கில் தங்கமீன் தொட்டி. இவையெல்லாம் சாதாரண வகை. இரண்டாம் வகை வெளியே தெரியாது. திரைக்குப் பின்னால் விளக்கெரியும் கண்ணாடிப் பெட்டியில் ஓணானின் தூரத்துச் சொந்தமான இகுவானா, ஆப்பிரிக்காவின் பால் பைத்தான், துணிப்பையில் தொங்கும் சுகர் கிளைடர். டெல்லியில் காசிருந்தால் எதுவும் கிடைக்கும். சென்னை மட்டும் என்ன வாழ்ந்தது? 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து சென்னையில் இறங்கிய பயணியின் பைக்குள் முனகல் கேட்டுத் திறந்து பார்த்தால் சிறுத்தைக் குட்டி. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனது.

சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஆஸ்திரேலியாவின் பட்ஜியை யாரும் கேள்வி கேட்காமல் வளர்க்கலாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் பூங்கா அரசமரத்தில் கூட்டமாக வந்திறங்கிக் கத்தும் நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தால் குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. காட்டுப் பறவையைப் பிடிப்பதும் விற்பதும் 1990-91 முதல் தடை. ஆனாலும் ஜாமா மசூதி அருகே கபூத்தர் மார்க்கெட்டில் புறாக்களுக்கு நடுவே 'பஹாடி தோத்தா' வேண்டுமா என்று காதருகே வந்து கேட்பார்கள். பெரிய அலகும் தோளில் சிவப்புத் திட்டும் கொண்ட பெரும் பச்சைக்கிளி அது. அதையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

தமிழ்நாட்டில் இது புரிந்ததே 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போதுதான் என்று நினைக்கிறேன். கடலூரில் பாமக வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சான் பிரசாரத்துக்கு நடுவே கிளி ஜோசியம் பார்த்தார். சீட்டு சாதகமாக வந்தது. வீடியோ பரவியது, வனத்துறை வந்து கிளிகளைக் கைப்பற்றி ஜோசியரைப் பிடித்துப் போனது. தேர்தலில் வேட்பாளரும் தோற்றார். ஜோசியம் ஒருவருக்கும் பலிக்கவில்லை.

நட்சத்திர ஆமைக்கும் இதே சட்டம்தான். அது வீட்டிலிருந்தால் பணம் சேரும் என்று எந்த வாஸ்துக்காரர் கிளப்பிவிட்டாரோ, ஆந்திர, தமிழகக் காடுகளிலிருந்து சாக்குமூட்டையில் கடத்தப்படும் உயிராகிவிட்டது. 2019-ல் உலக வனவுயிர் வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் அதைத் தன் முதல் இணைப்பில் சேர்த்தது. சர்வதேச வணிகத்துக்கு முழுத் தடை. ஆமையால் பணம் சேர்ந்தது கடத்தல்காரருக்கு மட்டும்.

இனி மாமி.

எங்கள் வரிசையில் இரண்டாம் தளம். கும்பகோணத்துக்காரர், வயது எழுபத்திரண்டு. மாமா காலமான வருஷமே அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளை, அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குஞ்சு ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனான். சாம்பல் உடம்பு, ரத்தச் சிவப்பு வால், வெளிர் மஞ்சள் கண். பேசும் கிளிகளில் இதற்கு மிஞ்சியது இல்லை என்பார்கள். மாமியின் கிளி குக்கர் விசிலை அச்சாக அடிக்கும். மூன்றாவது விசிலுக்கு மாமி எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அடுப்பில் எதுவும் இருக்காது. காலிங்பெல் அடித்தால் "கௌன்?" என்று இந்தியில் கேட்கும். பால்காரர் வருகிற நேரத்துக்கு மட்டும் "யாரூ..?" என்று தமிழில் இழுக்கும். பால்காரர் பிகார்காரர். அவருக்கும் பழகிவிட்டது.

இந்தக் கிளி வந்தபின் மாமியின் சமையலறை மாறிப்போனது. நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் மறந்து அது அளவுக்கு மீறிக் காய்ந்தால், பூச்சிலிருந்து கிளம்பும் புகை நமக்கு லேசான தலைவலியோடு போகும். பறவையின் நுரையீரல் வேறு மாதிரி அமைப்பு. சில நிமிடத்தில் செத்துவிழும். கால்நடை டாக்டர் இதைச் சொன்ன அன்றே மாமி நான்ஸ்டிக்கைத் தூக்கி வேலைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, பரணிலிருந்த இரும்புத் தோசைக்கல்லை இறக்கினார். ஊதுவத்தி நின்றது, கொசுவத்தி நின்றது. டெல்லியின் நவம்பர் புகைக்கு மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜன்னலைச் சாத்தி ஈரத்துணி தொங்கவிடுகிறார்.

சும்மா இருந்தால் சாம்பல் கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். ஐந்து வயதுக் குழந்தையின் அறிவு என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிற பிராணி. அதைப் பத்துக்குப் பத்து அறையில் தனியே விட்டால் வேறென்ன செய்யும்? போன வருஷம் மாமி முழங்கால் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பிடுங்கத் தொடங்கியது. திரும்பி வந்து பார்த்தால் மார்பில் உள்ளங்கை அளவுக்கு வெறும் தோல். அன்று மாமி என்னிடம் சொன்னார்: "இவனுக்கு இன்னும் நாப்பது வருஷம் இருக்குங்கறார் டாக்டர். நேக்கு எத்தனை இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே. அப்பறம் இவன் யாராத்துல இருப்பான், நீயே சொல்லுப்பா."

எனக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளை அங்கே கொண்டுபோகவும் வழி சுலபமில்லை. காட்டிலிருந்து லட்சக்கணக்கில் பிடித்து விற்றுத் தீர்த்ததால் 2016-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு சாம்பல் கிளியையும் முதல் இணைப்பில் ஏற்றிவிட்டது. எல்லை தாண்ட இரு நாட்டு அனுமதியும் வேண்டும்.

நம் நாட்டிலும் கதை மாறியிருக்கிறது. முன்பெல்லாம் நம் சட்டம் நம் காட்டு உயிர்களை மட்டும் பார்த்தது. வெளிநாட்டுப் பிராணி உள்ளே வந்துவிட்டால் கேட்பாரில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு, வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து சொன்னால் காகிதம் கேட்க மாட்டோம் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் உயிர்களுக்கென்றே நான்காம் அட்டவணையை வைத்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமல். 2024 பிப்ரவரி கடைசியில் விதிகள் வந்தன. வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள், அதாவது ஆகஸ்ட் 28-க்குள், பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், செத்தாலும் சொல்ல வேண்டும். மாமிக்குக் கீழ்வீட்டுப் பெண் உட்கார்ந்து பதிந்து கொடுத்தாள். பிராணியின் அடையாளக் குறி என்ற கட்டத்துக்கு வந்ததும் மாமி, "குக்கர் விசில் அடிக்கும்னு போடேன்" என்றாராம்.

கிளிக்காவது மாமி இருக்கிறார். சிவப்புக்காது ஆமைக்கு யாரும் இல்லை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கீற்று, பழைய ஐந்து ரூபாய்க் காசு அளவில் வாங்கிவரலாம், பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த தொட்டி இலவசம். அமெரிக்காவின் மிசிசிப்பிப் படுகைதான் இதன் ஊர். அந்த அமெரிக்காவே 1975-ல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குட்டி விற்பதைத் தடை செய்தது, குழந்தைகள் வாயில் வைத்து சால்மொனெல்லா வந்ததால். ஐரோப்பிய ஒன்றியம் 1997-ல் இறக்குமதியை நிறுத்தியது, அங்கத்திய குளங்களை இது பிடித்துக்கொண்டதால். நம்மூரில் பிறந்தநாள் பரிசாகிறது.

சில வருஷத்தில் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். முப்பது வருஷம் இருக்கும். நீந்த இடமும், ஏறி உட்கார்ந்து வெயில் காயக் கல்லும் வேண்டும். எங்கள் பிளாக்கில் ஒரு சர்தார்ஜியின் பேரனுடைய ஆமையைப் பார்த்தேன். டப்பாவில் வரும் காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்திருக்கிறார்கள். வைட்டமின் ஏ இல்லாமல் இரண்டு கண்ணும் புடைத்து மூடிக்கொண்டுவிட்டன. கண் தெரியாததால் சாப்பிடவில்லை. சாப்பிடாததால் மருந்தும் உள்ளே போகவில்லை. ஓடு விரலால் அழுத்தினால் அமுங்கியது. இத்தனைக்கும் பாசமில்லாத வீடு இல்லை. பையன் அதற்கு ராக்கி கட்டியிருந்தான்.

டெல்லி வெயில் வேறு. 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி. பால்கனித் தொட்டித் தண்ணீர் அன்று வெந்நீர். ஜனவரியில் அதே தண்ணீர் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும். ஊர்வனவற்றுக்கு உடம்பு சூடு வெளியிலிருந்து வர வேண்டும், குளிரில் ஜீரணம் நின்று உள்ளே போன தீனி வயிற்றிலேயே அழுகும். ஹீட்டர், புறஊதா விளக்கு எல்லாம் உண்டு. ஆமையை விட விலை அதிகம் என்பதால் யாரும் வாங்குவதில்லை.

கடைசியில் என்ன ஆகிறது? விகாஸ்புரிப் பக்கம் ஓடும் நஜஃப்கட் நாலாவில் விட்டுவிடலாமா என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் சாஹிபி ஆறாக இருந்தது இன்று சாக்கடை. அங்கே அது சாகாவிட்டால் இன்னும் மோசம். யமுனைக்குப் போய் நம்மூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பறிக்கும். மீன்தொட்டி துடைக்க வாங்கும் டேங்க் கிளீனர் மீனை ஏரியில் விட்டு விட்டுத்தான் தென்னிந்திய மீனவர் வலைகளில் இன்று அந்த முள்மீன் சிக்கி வலையைக் கிழிக்கிறது.

நாய் விஷயத்திலும் நாம் யோக்கியர்கள் இல்லை. 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் சிறுவன் பின்னாலேயே ஓடியது, நாடே பக் வாங்கியது. நசுங்கிய மூக்கோடு பிறந்த அது மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டை இறக்க வேண்டும். மூக்கே இல்லாதபோது எதை இரைப்பது? மே மாதத்தில் மாலை ஆறு மணிக்குக்கூடத் தார்ரோட்டில் நடத்திக்கொண்டு போகிறார்கள். ஊர்ப்பெருமைக்காக ராஜபாளையம், சிப்பிப்பாறை வாங்க நினைக்கும் தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை. 2005-ல் தபால்தலையில் ராஜபாளையம் வந்தது உண்மை. ஆனால் இவை வேட்டைக்கு வளர்த்த நாய்கள். டிடிஏ பிளாட்டில் அடைத்தால் சோபாவைத்தான் வேட்டையாடும்.

தயிர்சாதத்தில் வளர்ந்த தமிழ் வீட்டு நாய்கள் டெல்லியில் நிறைய. அதில் பெரிய கெடுதல் இல்லை, முட்டையும் சேர்த்தால் சரி. வெங்காய சாம்பார் சாதம் மட்டும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். பாயசத்தின் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷம்தான்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதுதான் வளர்ப்பவருக்கு உண்மை தெரியும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நாயோடு போக முதல் வகுப்பு ஏசியில் அறை முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வண்டியின் பெட்டிக்குள் ஒன்றரை நாள் தனியே. ஆமைக்கும் பைத்தானுக்கும் அந்த வழியும் கிடையாது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். மிருகக்காட்சிசாலை இதற்கான கிடங்கு இல்லை. வாங்க ஒரு மணி நேரம் போதும். கொடுக்க இந்த ஊரில் இடமே இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: ஜனக்புரி மாதிரி பிளாட்டுக்கு வெளிநாட்டுக் காட்டுப் பிராணி எதுவும் ஆகாது, வளர்ப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அறுபது தாண்டிய பெற்றோருக்கு நாற்பது வருஷம் வாழும் கிளியைப் பரிசளிக்கும் பிள்ளைகள், அதைக் கடைசியில் யார் பார்ப்பது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுங்கள்.

ஏற்கெனவே வைத்திருக்கிறீர்களா? பதியாமல் கெடுவைத் தவறவிட்டவர்கள், வனத்துறை கதவைத் தட்டும்வரை காத்திராமல் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். புதிதாக வேண்டுமா? ராஜா கார்டனில் 1980 முதல் சஞ்சய் காந்தி விலங்குப் பராமரிப்பு மையம் இருக்கிறது. அங்கே போய் ஒரு நாட்டுநாயைப் பாருங்கள். வெயிலும் குளிரும் அதற்குப் பழக்கம். வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மாநகராட்சியில் பதியுங்கள். எதை வளர்த்தாலும், வளர்க்க முடியாமல் போனாலும், தயவுசெய்து நாலாவில் கொண்டுபோய் விடாதீர்கள்.

(தொடரும்)