விடை யாரிடம் இருக்கிறது?

எம்.பி.ஏ. வகுப்பில் ஆசிரியர் ஒரு நிறுவனத்தின் சிக்கலை விவரித்துவிட்டு, "மேலாளர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறார். ஒரு மாணவி சட்டென்று கை தூக்குகிறார். பக்கத்தில் இருப்பவர் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டே இருக்கிறார். வகுப்பு முடிந்ததும், "சரியான விடையை சார் கடைசிவரை சொல்லவே இல்லையே" என்று தவிக்கிறார்.

இருவரும் கெட்டிக்காரர்கள்தான். விடை யாரிடம் இருக்கிறது என்பதில்தான் அவர்களின் நம்பிக்கை வேறுபடுகிறது. முன்னவருக்கு அது விவாதத்தில் உருவாவது. பின்னவருக்கு ஆசிரியரிடமிருந்து பெறுவது.

இத்தகைய நம்பிக்கைகளை அமெரிக்க ஆய்வாளர் மார்லீன் ஷோமர் 1990இல் பிரித்துக் காட்டினார். அறிவு நிலையானதா, மாறுவதா? தனித்தனித் தகவல்களா, பின்னிப் பிணைந்ததா? பெரியவர்கள் தருவதா, நாமே தேடுவதா? கற்கும் திறன் பிறவியிலேயே வருவதா? கற்றல் சட்டென்று நிகழ்வதா, மெல்ல மெல்லவா? இவற்றுக்கான பதில்களை நாம் புத்தகத்தில் படிப்பதில்லை. வீடும் பள்ளியும் நம்மை வளர்க்கும்போதே அவை மனத்தில் படிந்துவிடுகின்றன.

வணிகக் கல்வியில் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரிவதற்குக் காரணம், ஒரு நிறுவனத்தின் சிக்கலை மாணவர்களே விவாதித்துக் கற்கும் 'கேஸ் ஸ்டடி' முறை. சட்டம் படித்த வாலஸ் டோனம் தலைமையில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1920களில் அது வேரூன்றியது. ஹார்வர்டின் துணையோடு 1961இல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். வழியாக இந்தியாவிலும் பரவியது. மாணவர் பேசினால்தான் அந்த வகுப்பு நடக்கும். ஆசிரியரை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவருக்கு அந்த முதல் வாரம் பெரும் பாரம்.

ஆனால் மௌனத்தை அறியாமை என்று எடுத்துக்கொள்வது தவறு. உதாரணமாக, சீன மாணவர்கள் வெறும் மனப்பாடக்காரர்கள் என்ற எண்ணம் மேலைநாட்டு ஆசிரியர்களிடம் இருந்தது. ஆய்வாளர்கள் வாட்கின்ஸும் பிக்ஸும் 1996இல் தொகுத்த ஆய்வுகள் வேறொன்றைச் சொல்லின: அந்த மாணவர்களில் பலர் திரும்பத் திரும்பப் படிப்பது பொருளை இன்னும் ஆழமாகப் புரிந்துகொள்ளத்தான். ஒரே நாட்டில் வளர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கற்பதும் இல்லை.

எனவே ஆசிரியர் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: "இங்கே ஒரே விடை கிடையாது, என்னை மறுத்துப் பேசலாம்." பேசுவதற்கு முன் ஐந்து நிமிடம் எழுதவிடலாம், நாலைந்து பேராகக் கலந்து பேசவிடலாம். அப்போது, குனிந்து எழுதிக்கொண்டிருந்தவரின் நோட்டில் இருக்கும் யோசனையும் வகுப்புக்குக் கேட்கும்.