‘பேல்’ என்பது எத்தனை கிலோ?

ஊக்ளி ஆற்றங்கரையில் அமைந்த ஹவுராவின் சணல் ஆலைகளிலும், கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளிலும் ‘பேல்’ என்னும் சொல் ஒருங்கே வழங்குகின்றது. அழுத்திக் கட்டிய சிப்பம் என்பதே அதன் பொருள். ஆயினும், அளவு ஒன்றன்று. இந்தியப் புள்ளிவிவரங்களில் சணல் பேல் 180 கிலோகிராம். பருத்தி பேல் 170 கிலோகிராம். அமெரிக்கப் பருத்திக் கணக்கிலோ அது 480 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 218 கிலோகிராம். சணலின் அளவு, பழைய 400 பவுண்டு பேலின் வழிவந்தது; 400 பவுண்டு 181.4 கிலோகிராம் ஆகும்.

ஹவுராவில் இன்னுமொரு விந்தை உண்டு. ஆலைக்குள் வரும் சணலைப் பேலாக்கிக் கணக்கிடுவது நிறையால். அங்கிருந்து வெளியேறும் கோணிகளைக் கணக்கிடுவதோ எண்ணிக்கையால். உணவு தானியக் கோணிகள் 500 சேர்ந்தது ஒரு பேல்! ஒரே வாயிலில் ஒரே சொல்லுக்கு இரு கணக்கு.

ஆகவே, பேல் கணக்கில் தரப்பட்ட விளைச்சல்களை ஒப்பிடுவோர் முதலில் அவற்றை டன்னாக மாற்றிக் கொள்ளல் வேண்டும். ஒரு லட்சம் பேல் சணல் 18,000 மெட்ரிக் டன். அத்தனை பேல் பருத்தியோ 17,000 டன்னே. மேலும், புள்ளிவிவரத்திலுள்ள பேல் ஓர் அலகு மட்டுமே. கிடங்கிலுள்ள சிப்பத்தின் உண்மை நிறையைத் தராசில் இட்டே அறிதல் வேண்டும்.