உமர் கய்யாம் பரிசுப் பதிப்புகளும் மூலபாடத் தெளிவும்

முன்னுரை

செவ்வியல் நூல்களை ஓவியம், தோல் கட்டமைப்பு, பொன் விளிம்பு ஆகியவற்றால் அழகுபடுத்தி வெளியிடும் பதிப்புகள் பரிசுப் பதிப்புகள் எனப்படும். ஆய்வுலகம் இவற்றை அலங்காரப் பொருள்களாகக் கருதி ஒதுக்குவது வழக்கம். எட்வர்டு ஃபிட்ஸ்ஜெரால்டு ஆங்கிலத்தில் ஆக்கிய உமர் கய்யாமின் ‘ருபாயத்’ நூலைச் சான்றாகக் கொண்டு, இப்பதிப்புகள் மூலபாட ஆய்விற்கு ஏன் இன்றியமையாதவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு நூல், பல பாடங்கள்

1859இல் பெர்னார்டு குவாரிச் வெளியிட்ட முதற்பதிப்பில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லை. அச்சான படிகள் 250. விற்பனையாகாததால் அவை ஒரு பென்னி விலைக்குத் தள்ளப்பட்டன. 1862இல் சென்னையில் சில படிகளே கொண்ட மறுஅச்சு ஒன்று வெளிவந்தது. ஃபிட்ஸ்ஜெரால்டு நூலைத் தொடர்ந்து திருத்தினார். முதற்பதிப்பில் 75 பாடல்கள். 1868ஆம் ஆண்டுப் பதிப்பில் 110. 1872, 1879 பதிப்புகளில் 101. எண்ணிக்கை மட்டுமன்றி வரிசையும் சொற்களும் மாறின. முதற்பாடலின் உவமையே இரண்டாம் பதிப்பில் வேறாயிற்று.

பரிசுப் பதிப்புகளின் தலையீடு

1884இல் பாஸ்டனில் வெளிவந்த பதிப்பில் எலிஹு வெட்டர் பாடல் வரிகளையும் ஓவியத்திற்குள்ளேயே அமைத்தார். பாடல் வரிசையையும் மாற்றினார். ஃபிட்ஸ்ஜெரால்டு 1883இலேயே மறைந்தமையால் இம்மாற்றம் ஆசிரியரின் ஒப்புதல் பெற்றதன்று. 1909இல் எட்மண்ட் டுலாக்கின் வண்ண ஓவியப் பதிப்பு வெளிவந்தது. வெட்டர் பதிப்பின் படி ஒன்றிற்கு லண்டனைச் சேர்ந்த சாங்கோர்ஸ்கி–சட்கிளிஃப் நிறுவனம் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மணிகள் பதித்துக் கட்டமைப்புச் செய்தது. அப்படி 1912இல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கியது.

பாடத் தேர்வில் சட்டத்திற்கும் பங்குண்டு. 1842ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம், வெளியீட்டிலிருந்து 42 ஆண்டுகள் அல்லது ஆசிரியர் மறைவுக்குப்பின் 7 ஆண்டுகள், இவற்றுள் நீண்டதனை உரிமைக் காலமாக வகுத்தது. இதன்படி முதற்பதிப்பின் பாடம் 1901இல் பொதுவுடைமையாயிற்று. திருத்திய பாடங்களுக்கு உரிமை நீடித்தது. ஆகவே ஒரு பதிப்பில் 75 பாடல்கள் இடம்பெற்றிருப்பதைக் கொண்டு, பதிப்பாளர் அப்பாடத்தையே சிறந்ததெனத் தேர்ந்தார் என முடிவு செய்தல் இயலாது.

தமிழ் ஒப்பாய்விற்கு இதன் பயன்

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை உமர் கய்யாம் பாடல்களை ஆங்கில வழியாகத் தமிழாக்கினார். இத்தகைய ஆக்கங்களை ஒப்பிடுவோர் கைக்குக் கிடைத்த ஆங்கிலப் பதிப்பையே மூலமாகக் கொண்டால், ஃபிட்ஸ்ஜெரால்டு செய்த திருத்தத்தைத் தமிழ்க் கவிஞரின் விடுபாடாகவோ புத்தாக்கமாகவோ பிழைபடக் கருத நேரும். எனவே பாடல் எண்ணிக்கை, முதற்பாடலின் உவமை, பாடல் வரிசை ஆகிய மூன்றையும் முதலில் ஒப்பிட்டு அடிப்படைப் பாடத்தை உறுதி செய்தல் வேண்டும்.

முடிவுரை

பரிசுப் பதிப்பு ஒரு நூலைப் பரவச் செய்கிறது. அதே வேளையில் அதன் பாட வரலாற்றை மறைக்கவும் செய்கிறது. நூலின் அழகை நுகர்வதோடு நில்லாது, அது தாங்கிவரும் பாடம் எதுவெனக் கண்டறிவதே ஆய்வாளரின் முதற்பணியாகும்.